ஞாயிற்றுக்கிழமைக் கோளாறுகள்

"ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர் மேல உனக்கு அப்படி என்ன கோவம்?" என்று போன ஞாயிறு போனில் கேட்டாய். சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். "கோவம் என்ன கோவம், பழசாப் போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும். வாரம் முழுக்க யோசித்தும் சரியான பதில் கிடைக்கவில்லை. நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வருகிறது, பழையதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது இன்னும் மேஜை மேல் இருக்கும்போதே, எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ ஜெர்மனிக்குப் புறப்பட இன்னும் சில வாரங்கள்தான். இதையெல்லாம் போனில் பேச என்னால் முடியாது. போனில் நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்கிறவள் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

என் வேலை உனக்குத் தெரியும். வேதியியலில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதிலேயே என் நாளில் பாதி போகிறது. சூளைக்குள் சாமான்களை அடுக்கி வைக்கிற களிமண் பெட்டிகள் திரும்பத் திரும்ப நெருப்புக்குள் போய் வருபவை. ஒவ்வொரு தடவை வெளியே வந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். கிண்ணென்று கேட்டால் மறுபடி உள்ளே போகும். டொக்கென்று கேட்டால் வெளியே போகும், பார்க்க முழுசாக இருந்தாலும் சரி. விரிசல் விட்ட பெட்டி அடுக்கின் நடுவே உடைந்தால் அதற்கு மேலே இருக்கிற அத்தனையும் சேர்ந்து சரிந்துவிடும். அதனால் ஒரு பொருளை அது உடைந்த பிறகு மாற்றுவது முட்டாள்தனம், உடைவதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இரண்டு வருஷமாக அப்பாவிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்திடணுங்க. நின்னு போனப்புறம் போட்டோவும் போயிடும், அவன் அனுப்புன மெயிலும் போயிடும்."

"உன் சூளைப் பெட்டி நெருப்புக்குள்ள போவுது. இது மேஜை மேல சும்மா கெடக்குது. இதுக்கு என்ன கேடு?"

"ஒரு கடுதாசி டைப் அடிக்கறதுக்குள்ள நான் சாம்பார் வச்சு இறக்கிடறேன்."

"அப்ப சாம்பார் வையி. யாரு வேணாங்கறா?"

அப்பா தாலுகா ஆபீசில் இருக்கிறவர். எந்தக் கேள்விக்கும் அங்கே உடனே பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அது பதிலாக இருக்காது. அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் விடாமல் வாதாடினேன். என் காரணங்களில் எதுவும் பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணங்களாகப் பார்த்துப் பொறுக்கி அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் வேறொன்றை ஒளித்து வைத்திருந்தேன். அதற்குப் பெயர் பொறாமை. ஐம்பதை நெருங்குகிற, நாலு எழுத்துப் படித்த ஒருத்தி, ஒரு இரும்புப் பெட்டியின் மேல் பொறாமைப்பட்டாள் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெட்டியின் மேல் மட்டுமாவது இருந்திருந்தால் பரவாயில்லை.

நீ பிறந்ததிலிருந்து பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நீயும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மிகவும் குறைவு. சண்டை ஒன்றும் கிடையாது. இரண்டு பேருக்கும் பேச வராது, அவ்வளவுதான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே, "அவன் ஃபீஸ் கட்டிட்டானான்னு கேளு" என்பார். அதே கூடத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே நீ, "கட்டியாச்சுன்னு சொல்லும்மா" என்பாய். நடுவில் தோசைக்கரண்டியோடு நான். "நான் என்ன இந்த வூட்டு தபால்காரியா?" என்று எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சலிப்பை நீங்கள் இருவரும் நம்பிவிட்டீர்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. உன்னைப் பற்றி எது வேண்டுமானாலும் அப்பா என்னிடம்தான் வர வேண்டும். உனக்கு அவரிடம் எது ஆக வேண்டுமென்றாலும் நீ என்னிடம்தான் வர வேண்டும். எதைச் சொல்வது, எதை இரண்டு நாள் தள்ளிச் சொல்வது என்பதெல்லாம் என் கையில் இருந்தது. கம்பெனியிலும் அதுதான் என் வேலை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

நீ என்ஜினியரிங் சேர்ந்த வருஷம் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. கடையில் விற்கிறதை அப்படியே வாங்கக் கூடாது, சென்னைக்குப் போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கிப் பூட்ட வேண்டும் என்று உன் சிநேகிதன் யாரோ சொல்லியிருந்தான். நானும் வருகிறேன் என்றேன். "பஸ்ஸுல எடம் பத்தாதும்மா, மானிட்டர் வேற வருது" என்றாய். மானிட்டருக்கு இடம் வேண்டும் என்பதற்காக நான் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு இருட்டின பிறகு நீங்கள் இரண்டு பேரும் பாலக்கரை ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோவில் வந்தீர்கள். அப்பா மடியில் மானிட்டர் பெட்டி, உன் மடியில் மற்றது. கதவைத் திறக்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "என்னடா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அப்பாவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல, பஸ்ஸுல ஒருத்தன்" என்று ஆரம்பித்து, மறுபடி சிரிப்பு வந்து, சொல்லாமலே விட்டுவிட்டார். பஸ்ஸில் அந்த ஒருத்தன் என்ன செய்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு எத்தனையோ மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த மூலையில் இரண்டு நாற்காலி போட்டு நீங்கள் உட்கார்ந்தீர்கள். நான் காபி கொண்டு வந்து வைப்பேன். மானிட்டர் மேல் டம்ளரை வைக்காதே என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வீர்கள். ஒரே குரலில் நீங்கள் பேசியதே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு நான் தைத்த உறை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டையிலிருந்து வருகிற வெள்ளைத் தூசி எங்கேயும் படியும். போதாததற்கு என் புடவையிலும் தலையிலும் நானே வேறு சுமந்துகொண்டு வருவேன். ஒரு தடவை அப்பா மங்கலம்பேட்டை பஷீரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கல்ஃபில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருக்கிறவர் அவர். உள்ளே பார்த்துவிட்டு, "என்ன மேடம், கம்பெனில பாதிய வூட்டுக்கே கொண்டாந்துட்டீங்க" என்றார். அப்பா, "சம்பளத்துக்குப் பதிலா மண்ணாக் குடுக்கறாங்க போல" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நோய் என்னிடமிருந்து வந்தது என்று ஆகிவிட்டது. அந்த வாரமே கெட்டித் துணி வாங்கி, நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஓர் உறை தைத்தேன். அப்பா அதைக் கழற்றவே மாட்டார், பொத்தானை அமுக்குவதற்கு மட்டும் முன்னால் ஒரு ஓட்டை வெட்டிக்கொண்டார். உறையோடேயே கம்ப்யூட்டர் ஓடியது. வேறு ஊரில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் டி.வி., மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு என்பதால் எங்கள் இருவருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

அதற்குள் நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். உறை போட்ட கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் நடுவிலேயே நின்றுபோக ஆரம்பித்தது. ஞாயிறு காலை நீயும் அப்பாவும் போனில் அதற்கு வைத்தியம் பார்த்தீர்கள். வைரஸ் என்றாய். பிறகு மெமரி என்றாய். பிறகு கரண்டு சரியில்லை என்றாய். இப்படியே பல ஞாயிறுகள் போயின. ஒரு நாள் தூசி தட்டுவதற்காக உறை மேல் கை வைத்தேன். சுட்டது. சூளைப் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. "இதுக்கு மூச்சு விடவே வழியில்லீங்க, சூடு எங்க போவும்? உறையக் கழட்டுங்க" என்றேன். கழற்றினார். அப்புறம் அது நிற்கவே இல்லை. அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, கண்டுபுடிச்சிட்டேன்பா. வைரஸும் இல்ல, ஒண்ணுமில்ல, சூடு" என்றார் அப்பா. போனுக்கு வெளியிலேயே உன் குரல் கேட்டது. "சூப்பர்ப்பா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தொட்டுப் பார்த்தேன், சுட்டுது" என்றார். நான் அவரைக்காயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதில் உனக்குத் தெரிந்தது பாதிதான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முழுசும் தெரியும். "ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்பாய். அப்பா பண்ணுவார். அந்தக் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அது எழுந்திருக்கிற வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் போனை வைக்க முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. "அப்புறம்?" என்பார் அப்பா. "ஆபீஸ்ல ஒரு மலையாளி மேனேஜர்ப்பா" என்று நீ ஆரம்பிப்பாய். உன் அறையில் ஒழுகுகிற குழாய், உன்னோடு தங்கியிருந்த பையன் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போனது, உனக்கு வந்த மஞ்சள் காமாலை எல்லாம் அந்த இடைவெளியில்தான் அப்பாவுக்குத் தெரிந்தன. போன் என்னிடம் வரும்போது கம்ப்யூட்டர் சரியாகியிருக்கும், உனக்கு அவசரமும் வந்திருக்கும். "சாப்டியா?" "சாப்டேம்மா." "எண்ணெ தேச்சுக் குளிச்சியா?" "ம்." அவ்வளவுதான். நீ ஜெர்மனி போகப் போகிற செய்தியும் ஒரு ரீஸ்டார்ட்டில்தான் வந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் ஜெர்மனிக்குப் போறானாம், உங்கிட்ட சொல்லச் சொன்னான்" என்றார். முன்பு நான் நின்ற இடத்தில் இப்போது அவர் நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு அது தெரியாது. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் செய்தியைச் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். நானாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்திருப்பேன்.

நானும் முயற்சி செய்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு அப்பா கடைக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டாய். "தம்பி, இதுல ஃபைலு ஒண்ணு தொறக்க மாட்டேங்குது, என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். என் கம்பெனி ரிப்போர்ட் ஒன்று, நிஜமாகவே திறக்கவில்லை. "அப்பா வரட்டும்மா, அவருக்குத் தெரியும், அவர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்திருப்பாய். ஆனால் சூளையின் சூட்டைக் கண்ணால் பார்த்தே சொல்கிறவளுக்கு ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லித் தர முடியாதா என்று அன்றைக்கு முழுவதும் மனதுக்குள் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தெரியும் என்றாய். அவருக்கு உண்மையிலேயே தெரியும், நீ நினைக்கிறதைவிட அதிகமாகவே தெரியும். போன வருஷம் ஒரு ஞாயிறு காலை நான் காபியோடு கூடத்துக்கு வந்தபோது அவர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டு ஒயரைப் பின்னாலிருந்து மெதுவாக, பாதி மட்டும் வெளியே இழுத்தார். எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து உன் போனுக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டாய். "கீபோர்டு வேலை செய்யலப்பா, என்னான்னு தெரியல" என்றார். ஒவ்வொன்றாக நீ சொல்ல, ஒவ்வொன்றாக அவர் செய்ய, கம்ப்யூட்டர் இரண்டு தடவை அணைந்து எழுந்தது. கடைசியில் ஒயரைப் பார்க்கச் சொன்னாய். "அட, ஆமாம்பா, லூசா இருக்குது" என்றார். அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன். வேலையில் சேர்ந்து இத்தனை காலத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனுஷர் அவர்.

அதை நான் அவரிடம் கேட்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். கோபம் வந்தது, ஆனால் அவர் பொய் சொன்னார் என்று இல்லை. இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்றுதான் வந்தது. அன்றையிலிருந்துதான் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லும் என் வாதம் சூடு பிடித்தது. கோளாறே வராத ஒரு பெட்டி வந்தால் அவருக்கு உன்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது, இரண்டு பேரும் பழையபடி என் வழியாகப் பேசிக்கொள்வீர்கள் என்று கணக்குப் போட்டேன். ஒரு தடவை பஷீரின் கடைக்கே போய், "இது இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டேன். "சுத்தம் பண்ணி மெமரி போட்டா வரும் மேடம். ஆனா மாத்திக்கறதுதான் நல்லது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சார் ஒத்துக்கலைன்னா சொல்லுங்க, போர்டு போயிடுச்சுன்னு நான் சொல்லிடறேன்" என்றார். வியாபாரி அவர், அதில் தப்பில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தால் இல்லை. போர்டு போய்விட்டது என்றால் அதையும் அப்பா உன்னிடம்தான் சொல்வார், அதை வைத்து இன்னும் ஒரு மாதம் பேசுவீர்கள்.

கடைசியில் நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் நான் பேசினது ஒரு பக்கம் இருக்க, போன மாதம் நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். "அங்க போனா போன்ல ரொம்ப நேரம் பேச முடியாதுப்பா. கேமரா வச்சு கம்ப்யூட்டர்லயே பேசிக்கலாம். அதுக்கு நம்ம பழசு தாங்காது." அப்பா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "சரிப்பா, மாத்திடுவோம்" என்றார். நான் கேட்டது நடந்துவிட்டது. நான் கேட்டதால் நடக்கவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் நீ நம்புவாயா?

உனக்கும் சீக்கிரம் ஒரு குடும்பம் ஆகும். நீ வைக்கிற வீட்டிலும் பொருள்கள் பழசாகும். எப்போது மாற்றுவது என்று நீயும் உன் மனைவியும் உட்கார்ந்து பேசுவீர்கள். அப்போது இந்த அம்மா சொல்கிற இரண்டொன்றைக் கேட்டுக்கொள். மெதுவாக ஓடுகிறது என்பதற்காக எதையும் மாற்றாதே. உனக்கு அதில் ஆக வேண்டிய காரியம் ஆகவில்லை என்றால் மாற்று. அதற்கு முன்னால் போட்டோக்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது நிறையக் காரணங்களோடு வந்தால், அந்தக் காரணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும், கொஞ்சம் நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார். மாற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர் முகத்தையும் பார். இரண்டு பேருக்கும் அந்தப் பொருளால் வேறு எதுவோ ஆக வேண்டியிருக்கும். அது உன் மனைவியாக இருந்தால் நேராகக் கேட்டுவிடு. உன் அப்பா என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இன்று சாயங்காலம் அப்பா உன் போட்டோக்களை எல்லாம் சி.டி.யில் ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர் எழுதினார். அப்புறம் ஈரத்துணியால் கீபோர்டைத் துடைத்தார், நாளைக்குப் போகிற பொருளை. "நாளைக்குக் காலைல திட்டக்குடி வரைக்கும் போயிட்டு வரேன். அக்கா கூப்புட்டுக்கிட்டே இருக்குது" என்றார். அக்கா கூப்பிட்டு ஆறு மாதம் இருக்கும். "பஷீரு வராரே, நீங்க இருக்க வேணாமா?" என்றேன். "நீதானே மாத்தச் சொன்ன, நீயே இருந்து பாத்துக்கோ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். மீதி நாளைக்கு.

*

இது மறுநாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா காலை பஸ்ஸில் போய்விட்டார். பஷீர் பத்து மணிக்கு மேல் ஒரு வேனில் வந்தார். மங்கலம்பேட்டையில் அவர் மச்சான் மகளுக்கு நிக்காஹ், அந்த அவசரத்தில் ஒயர்களை மாட்டி, கேமராவை மானிட்டர் தலையில் உட்கார வைத்து, "எல்லாம் ஓகே மேடம்" என்று பழையதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர் ஓடியது, இன்டர்நெட் வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு செல்லிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன்.

"அப்பா இல்லையாம்மா?" என்றாய் எடுத்ததும்.

"திட்டக்குடி போயிருக்காரு. நான்தான் இருக்கேன். இது வரல."

"சரி, உக்காரு. அவசரமே இல்ல. மோடத்துல எத்தன விளக்கு எரியுது, சொல்லு."

அந்தக் குரலை நான் இதுவரை அடுத்த ஆளின் காதில்தான் கேட்டிருக்கிறேன். விளக்குகளை எண்ணிச் சொன்னேன். ஒன்று மினுக்குகிறது என்றேன். சுவரோரம் ஒரு குட்டி வெள்ளை டப்பா இருக்கிறதா, அதில் இரண்டு ஓட்டை இருக்கிறதா என்று கேட்டாய். மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தேன். போனுக்குப் போக வேண்டிய ஒயரும் மோடத்துக்குப் போக வேண்டிய ஒயரும் இடம் மாறியிருந்தன. மாற்றி மாட்டினேன். மினுக்கிய விளக்கு நின்று எரிந்தது. "அம்மா, பின்னிட்ட போ" என்றாய். பிறகு எதை அழுத்துவது, எங்கே உன் பெயர் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். திரையில் நீ வந்தாய். கன்னம் ஒட்டியிருந்தது, மீசையை எடுத்திருந்தாய். மீசை எடுத்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியாது என்று நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. "நல்லதாப் போச்சும்மா, உன்னத்தான் முதல்ல பாக்கணும்னு நெனச்சேன்" என்றாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத. அவருதான் முதல்ல பேசறாருன்னு இருக்கட்டும்" என்றேன். "சரிம்மா" என்றாய். மத்தியானம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. சாதத்தைக் குழைய விட்டுவிட்டேன்.

அப்பா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். மூலையைப் பார்த்தார். "ஓடுதா?" என்றார். "ஓடுது. பஷீரு எல்லாம் சரி பண்ணிட்டுப் போயிட்டாரு. நான் தொடல. நீங்க வந்ததும் அவன்கிட்ட பேசிப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் முகம் கழுவி, தலை சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கேமராவுக்குப் படாமல் பக்கவாட்டில் நின்று எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நீ வந்தாய். "தம்பி, தெரியுதாப்பா?" என்றார் அப்பா. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"தெரியுதுப்பா. நல்லதாப் போச்சு, உங்களத்தான் முதல்ல பாக்கணும்னு நெனச்சேன்" என்றாய்.

நான் சொல்லித்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதே சிரிப்பு, அதே குரல். மத்தியானம் என்னிடம் சொன்னபோது இருந்ததற்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டுக்கொண்டு நின்றேன். என் காதுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.